கிளம்பாத வண்டியும் கேட்கப்படாத சொல்லும்

பழைய கார் ஒன்று கிளம்ப மறுத்துவிட்டால், தோழர்களே, பத்து நிமிடத்தில் அதைச் சுற்றிப் பத்துப்பேர் கூடிவிடுகின்றனர்! வந்தவர் ஒவ்வொருவரும் கையோடு ஒரு தீர்ப்பையும் கொண்டு வருகின்றனர். ‘பேட்டரி போயிற்று’ என்பார் ஒருவர். ‘பேட்டரியா? காயில்!’ என்பார் இன்னொருவர். ‘வயதாகிவிட்டது, எடைக்குப் போடுங்கள்’ என்று இறுதிச் சடங்கே நடத்திவிடுவார் மூன்றாமவர். பானெட்டைத் தூக்கிப் பார்த்தாரா? இல்லை. விளக்கைப் போட்டுப் பார்த்தாரா? இல்லை. தீர்ப்பு உண்டு, விசாரணை இல்லை!

நாம் இங்கே சொல்லப்போவது ஓர் அம்பாசடரைப் பற்றி. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அச்சாகக் கொண்டு, 1950-களின் இறுதியில் வங்கத்து உத்தரபாராவிலே பிறந்து, 2014-இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. அமைச்சர்களைச் சுமந்தது, அதிகாரிகளைச் சுமந்தது, இன்று மணமக்களைச் சுமக்கிறது. பழமைக்கும் ஒரு மவுசு வந்துவிட்டதல்லவா! நம் நண்பர் ஒருவரிடம் இருப்பது 1984-ஆம் ஆண்டுப் பதிவு, பெட்ரோல் இயந்திரம். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் திருமண ஊர்வலங்களுக்கு வாடகைக்குப் போய்வரும். அதை ஓட்டுபவர் இருபத்திரண்டு வயது இளைஞர். வீட்டிலே சம்பாதிப்பவர் அவர் ஒருவரே.

ஒரு மழைக்காலத்திற்குப் பிறகு வண்டிக்கு அந்த நோய் வந்தது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஓர் ஒலி, அதற்குமேல் அசைவில்லை. நான்குபேர் தள்ளினால் உடனே உயிர் பெறும், ஓடும், ஊர்வலத்தை முடித்துத் திரும்பும். நிறுத்தினாலோ, மறுபடியும் ‘டக்’! பட்டறைக்குக் கொண்டுபோயினர். புதுப் பேட்டரி போடப்பட்டது. மறுவாரம் அதே கதை. செல்ஃபைக் கழற்றினர், சுருளை மாற்றினர், மேசைமேல் வைத்துச் சோதித்தபோது சுழன்றது, பம்பரமாய்ச் சுழன்றது! வண்டியில் பூட்டியதும் ‘டக்’. இரண்டு முகூர்த்த நாட்களுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தது.

பணம் போயிற்று, பெயரும் போயிற்று என்றானதும் பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டார். இரவில் விளக்கை எரியவிட்டுப் பாட்டுக் கேட்டுப் பேட்டரியைத் தீர்ப்பவர் ஓட்டுநர்தான் என்று முடிவு கட்டினர். பேட்டரி விலைக்கு ஈடாக இரண்டு மாதச் சம்பளம் நிறுத்தப்பட்டது. உறவினர் ஒருவரோ பதிவெண்ணின் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, ‘எட்டு வருகிறது, அதுதான்!’ என்றார். எலுமிச்சம்பழங்கள் சக்கரத்தின் அடியில் நசுங்கின. அந்த எட்டு 1984 முதல் அந்தத் தகட்டிலேதான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் ஓடியபோது அது உறங்கிக்கொண்டிருந்ததா என்று கேட்டோம். மறுமொழி வரவில்லை, நாமும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

நாம் முதலில் பேசியது வண்டியோடு அன்று, ஓட்டுநரோடு. நாள்தோறும் சாவியைத் திருப்பும் கை அவருடையது. எந்த ஒலி புதிது, எந்த நாற்றம் புதிது என்பதை அவரன்றி வேறு யார் அறிவார்? தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“ஐயா, செல்ஃப் அடிக்கும்போது சோக் கம்பியைத் தொட்டால் கை சுடுகிறது. பட்டறையிலும் சொன்னேன், முதலாளியிடமும் சொன்னேன். ‘நீ ஓட்டுகிற வேலையைப் பார்’ என்று சொல்லிவிட்டார்கள்.”

சோக் கம்பி சுடுகிறது! அந்த ஒரு சொல்லிலே நோயின் பெயர் பாதி எழுதப்பட்டிருந்தது. கார்புரேட்டரின் சோக்கை இழுப்பதற்கென்று இருக்கும் வெறும் இரும்புக் கம்பி அது. மின்சாரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது ஏன் சுட வேண்டும்?

பேட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் தடித்த வயர் வழியே செல்ஃபுக்குப் போகிறது. போனது திரும்ப வேண்டுமே! செல்ஃபிலிருந்து இயந்திரத்தின் இரும்பு உடலுக்கு, அங்கிருந்து வண்டியின் உடலுக்கு, அதன்பின் பேட்டரியின் எதிர்முனைக்கு என்று திரும்புகிறது. ஆனால் இயந்திரம் வண்டியோடு நேராகப் பொருந்தியிருப்பதில்லை. அதிர்ச்சியைத் தாங்க ரப்பர் மெத்தைகளின்மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்துக்கு வழி விடாது. ஆகவேதான் செம்பிழைகளைப் பின்னிய பட்டை ஒன்றை இயந்திரத்துக்கும் உடலுக்கும் இடையே பாலமாகக் கட்டியிருக்கின்றனர்; பட்டறையில் ‘எர்த் வயர்’ என்பார்கள். பாலம் இடிந்தால் வெள்ளம் எந்த வாய்க்காலில் பாயும்? இயந்திரத்தையும் உடலையும் தொடும் மெல்லிய இரும்புக் கம்பி எது அகப்பட்டாலும் அதில் பாயும். சோக் கம்பி சுட்டது அதனால்தான்.

இருப்பினும், ஊகத்தையே தீர்ப்பாக்கிவிட்டால் அந்தப் பத்துப்பேருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? சோதித்தோம். கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கை இழுத்து, முகப்பு விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னோம். விளக்கு அறவே அணைந்திருந்தால் பேட்டரியோ, அதன் முனைகளில் பூத்த உப்போ குற்றவாளி. நம் வண்டியிலோ ‘டக்’ என்ற ஒலி எழுந்தது, விளக்கு மங்கவேயில்லை! அஃதாவது பேட்டரியில் வலு இருக்கிறது. அந்த வலு செல்ஃபின் வழியே ஓடி முடியவில்லை. அடுத்து மல்டிமீட்டர். பேட்டரி 12.6 வோல்ட் காட்டிற்று. நிறைந்த பேட்டரிக்குரிய அளவு அதுவே. பின்னர் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை இயந்திரத்தின் இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்பினோம். பாலம் நலமாக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் நிற்கவேண்டிய முள் ஒன்பதைத் தாண்டிற்று!

இறுதிச் சோதனை எளிது. ஜம்பர் வயர் ஒன்றின் ஒரு நுனியை எதிர்முனையிலும் மறு நுனியை இயந்திரத்தின் தூய போல்ட் ஒன்றிலும் கவ்வவிட்டோம். (மாரிஸ் காலத்து மிகப் பழைய வண்டிகளில் நேர்முனையே உடலோடு இணைந்திருப்பதும் உண்டு, பார்த்துவிட்டே தொட வேண்டும்.) சாவி திரும்பிற்று, இயந்திரம் சீறிக் கிளம்பிற்று! அடியில் படுத்துப் பார்த்தால், கியர் பெட்டியருகே அந்தப் பட்டை பாசம்போல் பச்சை பூத்து, இழைகள் அற்று, இரண்டு மூன்று நூல்களில் ஊசலாடிக்கொண்டிருந்தது. பொறிக்குத் தேவையான சிறு மின்னோட்டம் அந்த நூல்களில் போய்வந்துவிடும். ஆகவே தள்ளினால் ஓடிற்று. நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும் செல்ஃபுக்கு அது எம்மாத்திரம்? மேசைமேல் செல்ஃப் சுழன்றதும் வியப்பன்று. அங்கே அந்தப் பட்டைக்கு வேலையே இல்லையே.

புதுப் பட்டைக்கு ஆன செலவு, செல்ஃபுக்குச் சுருள் மாற்றிய செலவில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதனினும் பெரிய கணக்கு ஒன்று தீர வேண்டியிருந்தது. ஓட்டுநரின் இரண்டு மாதச் சம்பளம்! நண்பர் தீயவர் அல்லர்; ஆனால், ‘வண்டிதான் ஓடிவிட்டதே, பழையதை ஏன் கிளற வேண்டும்?’ என்று மெல்ல நழுவப் பார்த்தார். விடவில்லை நாம். “பேட்டரியை அவர் தீர்த்தார் என்பதுதானே குற்றச்சாட்டு? புதுப் பேட்டரி போட்ட பின்னும் அதே ‘டக்’ கேட்டதே, அன்றே அந்தக் குற்றச்சாட்டு செத்துப்போகவில்லையா? அவர் சொல்லை ஒருமுறை காதில் வாங்கியிருந்தால் பேட்டரியும் மிச்சம், செல்ஃப் செலவும் மிச்சம், இரண்டு திருமண வாடகையும் மிச்சமாயிருக்குமே!” என்றோம். அன்று மாலையே முழுச் சம்பளமும் கொடுக்கப்பட்டது. கொடுக்கும்போது, “தம்பி, மனத்தில் வைத்துக்கொள்ளாதே” என்றார் நண்பர். இளைஞர் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டே பையில் வைத்தார். சரியாகத்தான் செய்தார் என்போம்.

எல்லா வண்டிக்கும் இதே நோய் என்று எண்ணிவிட வேண்டாம். இயந்திரம் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையா? அப்போது பொறியைத் தேட வேண்டும். காயிலிலிருந்து வரும் நடு வயரைக் காய்ந்த, உறையிட்ட பிடியால் பிடித்து, இரும்புக்குக் கால் அங்குலத் தொலைவில் காட்டிச் சுழற்றினால் நீலப் பொறி பாய வேண்டும். வராவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்க்கலாம். அடைமழை நாட்களில் அதனுள் கோத்த ஈரத்தைத் துணியால் துடைத்ததும் கிளம்பிய வண்டிகள் எத்தனையோ! பாயிண்ட் கருகியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.015 அங்குல அளவில் வைக்க வேண்டும்.

பொறி நன்றாயிருந்தால் அடுத்தது பெட்ரோல். கோடையில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிப் போவதும், பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி அதைத் தணிப்பதும் நம் ஓட்டுநர்களுக்குப் பழக்கமானவை. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் என்ற அளவு 2022-இல் எட்டப்பட்டது. 2025-இல் அது இருபது பங்காயிற்று. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். அதற்கென ஆக்கப்படாத பழைய ரப்பர் குழாய்களையும், பம்பின் டயாபிரத்தையும் நாளடைவில் ஊறவைத்து, வெடிக்கவும் செய்யும். வெடித்த குழாய் கிளம்பாமைக்கு மட்டுமன்று, தீ விபத்துக்கும் காரணமாகலாம். நண்பரின் வண்டியில் அக்குழாய்கள் பழையவையே. பம்பருகே நாற்றம் வருகிறது என்று ஓட்டுநர் சென்ற வாரம் சொன்னார். இம்முறை நண்பர் ஒன்றும் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தார். புதுக் குழாய் வாங்கப் பேருந்தேறித் தஞ்சைக்குப் போயிருக்கிறார் அந்த இளைஞர்.