கல் தேரும் மோரிஸ் மைனரும்

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் போய், கீரனூரில் கிழக்கே திரும்பினால் குன்றாண்டார்கோவில் வந்துவிடும். பஸ்ஸில் போனால் சுகமாகப் போய்ச் சேரலாம். நான் மாமாவின் காரில் போனேன்.

மாமாவின் கார் 1960-ஆம் வருஷத்து மோரிஸ் மைனர். மலாயாவில் இருந்த என் தாத்தா ஊர் திரும்பியபோது கப்பலில் கூடவே கொண்டு வந்தது. தாத்தா போய்விட்டார்; கார் இருக்கிறது. ஆனால் நான் சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்கும் கடைசிப் பிரயாணம் என்று தீர்மானமாகியிருந்தது. மறுநாள் காலையில் காயலான் கடைக்காரர் வருவதாக ஏற்பாடு.

வியாதி இதுதான். ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்தினால் வண்டி சமர்த்தாகப் போகும். சட்டென்று அழுத்தினாலோ, 'ஹக்' என்று ஒரு விக்கல்! ஒரு கணம் என்ஜின் செத்தது போல் இருக்கும். அப்புறம் திடுக்கிட்டு விழித்துக்கொண்டு பாயும். ஒரு கணம்தானே என்று நீங்கள் கேட்கலாம். மாத்தூர் தாண்டி, வைக்கோல் லாரி ஒன்றை முந்துவதற்காக மாமா வலப்பக்கம் ஏறினார். எதிரே ஒரு பஸ். மாமா மிதித்தார், கார் விக்கியது. அத்தை "முருகா!" என்று கத்தியதும், பஸ் டிரைவர் புண்ணியவானாக ஓரம் ஒதுங்கியதும், அந்த ஒரே கணத்துக்குள் நடந்தன. அதற்குப் பிறகு கீரனூர் வரையில் நாங்கள் லாரியின் பின்னாலேயே வைக்கோல் தூசியை அனுபவித்துக்கொண்டு போனோம்.

"பார்த்தாயா, மாப்பிள்ளை? இதற்குத்தான் விற்கிறேன் என்கிறேன். என்ஜினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும் என்று ஒர்க் ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவுக்கு நான் எங்கே போவேன்?" என்றார் மாமா.

குன்றை ஆண்டவர் கோயில் குன்றாண்டார்கோவில். பாறையைக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் அமைத்த குகைக் கோயில். சுவாமிக்குப் பர்வதகிரீசுவரர் என்று திருநாமம். பல்லவ மன்னர்களான நந்திவர்மன், தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டுகள் இங்கே உண்டு. கருங்கல்லுக்குள் நுழைந்ததும் வெளியில் கொளுத்துகிற வெயில் ஞாபகமே வருவதில்லை. ஆனால் என் கண்ணை இழுத்தது, பின்னால் விஜயநகர பாணியில் எழுந்த மண்டபம்தான். மண்டபம் என்பதைவிடத் தேர் என்பதே பொருத்தம். கல் சக்கரங்கள், இழுத்துக்கொண்டு பாய்கிற கல் குதிரைகள். எத்தனையோ நூறு வருஷமாகப் புறப்படத் தயாராக நிற்கிறது. மாமா அந்தக் குதிரைகளை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பொறாமையோ என்னமோ!

தரிசனம் முடிந்து திரும்பி வந்து காரைக் கிளப்பினார். விக்கல். அணைத்து மறுபடியும் கிளப்பினார். மறுபடியும் விக்கல். நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்தார். தோளில் துண்டு, விரல் நகங்களில் நாள்பட்ட கிரீஸ் கறை.

"எஸ்.யூ. கார்புரேட்டருங்களா, ஐயா?"

அவ்வளவுதான், மாமா பானெட்டைத் தூக்கிவிட்டார்.

பெரியவர் எடுத்தவுடன் கார்புரேட்டரைத் தொடவில்லை. "விக்கல்னா எல்லாரும் இதையேதான் கழட்டுவாங்க. பாதி நேரம் குத்தம் டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்கும்" என்று சொல்லி, பாயிண்டைத் திறந்து பார்த்தார். இடைவெளி சரி. பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற மெல்லிய குழாயின் கார்புரேட்டர் முனையைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினார்! உள்ளே தகடு அசைந்தது. என்ஜினின் சுமைக்கு ஏற்பத் தீப்பொறியின் நேரத்தைத் திருத்தும் உறுப்பு அது. அதனுள் இருக்கும் சவ்வு கிழிந்தாலும் இதே போல் வண்டி தயங்குமாம். கிழியவில்லை. அடுத்தது சோக். மாமாவைச் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டு மிதிக்கச் சொன்னார். என்ன ஆச்சரியம்! விக்கல் பாதியாகக் குறைந்தது.

"பெட்ரோல் பத்தலை. என்ஜின் நல்லாத்தான் இருக்கு" என்றார் பெரியவர்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் சொல்கிறேன். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் காற்றுக்கு வழி திறக்கிறது. காற்று லேசானது, கூப்பிட்டவுடன் ஓடி வந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கி வரும். அந்தக் கண நேரம் என்ஜினுக்குக் கிடைப்பது வெறும் காற்றுதான். வெறும் சோற்றை அவசரமாக விழுங்கினால் விக்காதா?

இதற்கு எஸ்.யூ. கார்புரேட்டரில் ஓர் அழகான யுக்தி இருக்கிறது. தலையில் மணி கவிழ்த்தாற்போல் ஓர் அறை. அதனுள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டன். பிஸ்டனின் அடியில் ஓர் ஊசி. பிஸ்டன் ஏறினால் காற்று வழி பெரிதாகும். ஊசி மேலே எழுந்து பெட்ரோல் வழியும் பெரிதாகும். ஆனால் பிஸ்டன் தடாலென்று மேலே தாவினால், பெட்ரோலை இழுக்கிற உறிஞ்சல் தளர்ந்துவிடும். ஆகையால் பிஸ்டனின் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெயை ஊற்றி, அதில் ஒரு சிறு கம்பியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். எண்ணெய்க்குள் கரண்டியை அழுத்துவது போலப் பிஸ்டன் நிதானமாக ஏறும். அந்த நிதானத்தில் கூடுதல் பெட்ரோல் வந்து சேர்ந்துவிடும்.

இந்த எஸ்.யூ. என்பது 'ஸ்கின்னர்ஸ் யூனியன்' என்பதன் சுருக்கம். கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தில் செருப்பு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கின்னர் சகோதரர்கள், காலம் 1904-05. குலத்தொழிலை விடாமல் ஆரம்பத்தில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்தியைத்தான் வைத்தார்களாம்! மோரிஸ் கம்பெனி முதலாளி வில்லியம் மோரிஸ் 1926-இல் அந்தக் கம்பெனியை வாங்கினார். மாமாவின் காருக்கு எஸ்.யூ. வந்த வழி அது.

பெரியவர் மணியின் உச்சியில் இருந்த மூடியைத் திருகிக் கம்பியை வெளியே எடுத்தார். எண்ணெய்ப் பசையே இல்லை. எலும்பு போல் காய்ந்திருந்தது. யாரோ கழுவித் துடைத்து மூட்டியவர்கள், எண்ணெய் விட மறந்துவிட்டார்கள்.

"தேங்காய் எண்ணெய் இருக்கிறது, வேண்டுமா?" என்று அத்தை பையைத் துழாவினாள்.

"வேண்டாம்மா, மார்கழியில உறைஞ்சிடும். தையல் மிஷின் எண்ணெயும் ரொம்ப மெலிசு. இதுக்கு 20-ஆம் நம்பர் என்ஜின் ஆயில்தான்" என்றவர், ஒரு பையனை மோட்டார் சைக்கிள் கடைக்கு ஓட்டினார். வந்த எண்ணெய் 20-ஆம் நம்பர் அல்ல, கொஞ்சம் கெட்டி. இன்றைக்கு இது போதும், ஊர் போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஊற்றினார். செலவானது இரண்டு ஸ்பூன்கூட இராது. பிறகு பிஸ்டனை விரலால் தூக்கி விட்டார். 'டிக்' என்று கீழே உட்கார்ந்தது. தட்டுத் தடங்கல் இல்லாமல் அந்தச் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுக்கு என்று அர்த்தம்.

மாமா மிதித்தார். ஒரு துளி விக்கல் பாக்கி இருந்தது. அதற்குக் காரணம் வேறு. இப்போது பங்க்கில் விற்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரையில் எத்தனால் கலக்கிறார்கள். ஒரு கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய கணக்குக்கு வைத்த கார்புரேட்டர், காற்றை அதிகமாகவும் எரிபொருளைக் குறைவாகவும் அளந்து கொடுக்கிறது. பெரியவர் அடியிலிருந்த ஆறு பட்டை நட்டை ஒரு பட்டை கீழே இறக்கினார். விக்கல் தீர்ந்தது. "எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும். பெட்ரோல் குழாயை மாத்திடுங்க, ஐயா" என்று எச்சரிக்கையும் செய்தார்.

சாலெக்ஸ் கார்புரேட்டர் பொருத்திய அம்பாஸிடரும் பத்மினியும் வைத்திருக்கும் நேயர்கள் தங்கள் காரில் இந்த எண்ணெய்க் கிண்ணத்தைத் தேட வேண்டாம். அந்த வண்டிகளில் இந்த வேலையை ஆக்ஸிலேட்டர் பம்ப் செய்கிறது. என்ஜினை நிறுத்தி, ஏர் கிளீனரைக் கழற்றி, தொண்டைக்குள் பார்த்தபடி ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுங்கள். பெட்ரோல் மெல்லிய கம்பி போலப் பீச்சியடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் பம்பின் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது துளை அடைத்திருக்கும். பார்க்கும்போது பீடி, சிகரெட் கூடாது என்று சொல்லவும் வேண்டுமா?

பெரியவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். அத்தை கட்டிக்கொண்டு வந்த புளியோதரையில் ஒரு பங்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது மாத்தூருக்கு முன்னால் ஒரு மணல் லாரி. எதிரே சாலை வெறிச்சென்று கிடந்தது. மாமா மிதித்தார். மோரிஸ் மைனர் ஒரு சொல்கூடப் பேசாமல் முந்திப் போயிற்று. அத்தை கண்ணைத் திறந்து, "தாண்டிவிட்டோமா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் காயலான் கடைக்காரர் போன் செய்தார். வண்டி வாசலில்தான் நின்றது. மாமா அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "கார் வெளியூர் போயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்ப் புட்டியை டாஷ்போர்டு அறைக்குள் வைத்து மூடினார்.