ஃபிரேம் தெரிந்தவர்கள்

டோல்கேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தெருவுக்குள் திரும்பினால் அந்தச் சைக்கிள் கடை வரும். பத்துக்குப் பத்து இடம்தான். கூரையில் பழைய ரிம்கள், சுவரில் டியூப்கள், வாசலில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி. அறுபதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவரும் அவருடைய அக்கா மகனும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

என் உயரம் 188 செ.மீ. வளைந்த ஹேண்டில்பாரும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு பைக் ஒன்றை முதல்முறையாக வாங்கப் போகிறேன். ஷோரூமுக்குப் போவதற்கு முன், சைக்கிளைக் கையால் படித்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்றுதான் இங்கே வந்தேன்.

அப்படிக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான பகுதி சென்னையில் இல்லை. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வளர்ந்தன. சைக்கிளைப் பொறுத்தவரை, அம்பத்தூரில் 1949இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸையும் பி.எஸ்.ஏ.வையும் ஊரெங்கும் ஓடவிட்டது. “ஷிப்டு விடற நேரத்துல இந்த ரோட்ல சைக்கிளுங்கதான் தம்பி. அத்தனைக்கும் ஓவராயில் பண்ணி, பால்ரஸ் மாத்தி வளந்தவன் நான்” என்றார் பெரியவர்.

“அப்பல்லாம் ஆளைப் பாத்தே ஃபிரேம் சொல்லிடுவோம். நெட்டையா இருந்தா 24 இன்ச்சு, இல்லன்னா 22. உங்க வண்டிக்கு அது பத்தாது” என்று அவர் டேப்பை எடுத்தார். ரோடு பைக்கில் ஒரே மாடலே ஐந்தாறு அளவுகளில் வரும். 22க்கும் 24க்கும் இடையே இருந்த வித்தியாசம் அங்கே சென்டிமீட்டர்களாகப் பிரிந்து கிடக்கிறது.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் முதுகு சாய்த்து நிற்கச் சொன்னார். கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை இடுப்பெலும்பில் முட்டும்வரை உயர்த்தி, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளந்தார். உள்கால் நீளம் 90 செ.மீ. வந்தது. “உயரத்த மட்டும் சொல்லி வண்டி வாங்காதீங்க. ஒரே உயரத்துல ரெண்டு பேர் நின்னா ஒருத்தனுக்குக் கால் நீளம், இன்னொருத்தனுக்கு ஒடம்பு நீளம்.”

டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டின் பெயரால் ஒரு கணக்கு வழங்குகிறது. உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் பி.பி. அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதிவரை இருக்கவேண்டிய உயரம் கிடைக்கும். எனக்கு 79.5 செ.மீ. பெரியவரின் வழி வேறு. சீட்டில் உட்கார வைத்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைக்கச் சொல்வார். முழங்கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் தேவையான சிறு வளைவு தானாக வந்துவிடும். இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

நெட்டையானவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கடையில் பெரிய அளவு இல்லாவிட்டால், “சீட்ட ஏத்திக்கலாம் சார்” என்று சின்ன ஃபிரேமைத் தள்ளிவிடுவார்கள். சீட் பில்லரில் ஒரு எல்லைக்கோடு பொறித்திருக்கும். அந்தக் கோடு ஃபிரேமுக்கு வெளியே தெரிந்தால் பில்லர் முறியலாம், ஃபிரேமே விரிசல் விடலாம். கோட்டுக்குள் இருந்தாலும் சீட்டு மேலே போகப் போக ஹேண்டில் பள்ளத்தில் இருப்பதாகிவிடும். பழக்கமில்லாத முதுகு அதைத் தாங்காது. கை மரத்துப்போகும், கழுத்து வலிக்கும். என் உயரத்துக்கு 58 செ.மீ. அளவையொட்டிய ஃபிரேம் பொருந்தும். ஆனால் ஒரு கம்பெனியின் 58 இன்னொரு கம்பெனியில் வேறு மாதிரி இருக்கும். எனவே அளவு அட்டவணையில் ‘ஸ்டாக்’ என்ற முன்பக்க உயரத்தையும் ‘ரீச்’ என்ற முன்பக்க நீளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக ஓட்டுகிறவருக்கு ஸ்டாக் கூடுதலாக இருப்பதே நல்லது.

அக்கா மகன் அப்போது ரோட்ஸ்டர் எனப்படும் சாதாரண சைக்கிள் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுப் பின் வீலுக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். பிரேக் ரப்பரை அளவாக வைத்து வீலைச் சுற்றுகிறார். ரிம் உரசும் இடத்தில் நிறுத்துகிறார். நிப்பிளைக் கால் சுற்று திருப்புகிறார். கம்பியை விரலால் தட்டிச் சத்தத்தைக் கேட்கிறார். தளர்ந்த கம்பியின் சத்தம் மந்தமாக இருக்குமாம். “இதுக்கு முன்னாடி 32 கம்பி, பின்னாடி 40. மூட்டை ஏத்தினாலும் தாங்கும். நீங்க வாங்கறப்ப கம்பிய எண்ணிப் பாருங்க அண்ணா. உங்க ஒடம்புக்குப் பின்னாடி 32ஆவது வேணும்.” டயரும் அப்படியே: நம் சாலைகளுக்கு 25 மி.மீ. டயரைவிட 28 அல்லது 32 நல்லது. அதற்கு ஃபோர்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ரோட்ஸ்டரின் 28 அங்குல ரிம் 635 மி.மீ.; ரோடு பைக்கின் 700சி ரிம் 622 மி.மீ. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது.

கடற்காற்றைப் பற்றியும் பெரியவர் எச்சரித்தார். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு மழைக்காலம் ஓட்டினாலே செயின் துருவேறிவிடும். அலுமினிய ஃபிரேமுக்குள் சீட் பில்லர் உப்பு பூத்து இறுகினால், பிறகு அசைக்கவே முடியாது. கிரீஸ் தடவி, அவ்வப்போது கழற்றி மாட்டுவது ஒன்றே வழி.

இத்தனையும் சொன்னவர்களின் வருமானம் பஞ்சர் ஒட்டுவதிலும் காற்றடிப்பதிலும் அரசு தந்த பள்ளிச் சைக்கிள்களைச் சரிசெய்வதிலும் வருகிறது. கியர் சைக்கிள்கள் ஷோரூமிலேயே சர்வீசுக்குப் போய்விடுகின்றன. பெருநகரங்களில் உடலுக்கு ஏற்பச் சைக்கிளைப் பொருத்தித் தருவது தனித் தொழிலாகி, அதற்கு நல்ல கட்டணமும் வாங்குகிறார்கள். அதே வேலையை டேப்பும் குதிகாலும் கொண்டு செய்துவந்த தெருக்கடைக்காரரிடம் நாம் காற்றடித்த காசை மட்டும் கொடுத்துவிட்டு நகர்கிறோம். இது நியாயமில்லை. கியர் மாற்றும் டீரெய்லரும் டிஸ்க் பிரேக்கும் பழக இவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால், வடசென்னையில் நல்ல சைக்கிள் நுட்பர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள்.

முதல் ரோடு பைக் வாங்கப் போகிற நெட்டையான நண்பர்களுக்குச் சொல்கிறேன்: தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள். உள்கால் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். உங்கள் அளவு இல்லையென்றால் வரும்வரை காத்திருங்கள். வாங்கப் போகும் நாளில் உங்கள் தெரு மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். அவருடைய ஒரு நாள் கூலியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.