காண வந்தோரின் சுவர்

நகர் காணும் வேட்கை மனிதனுக்குப் புதியதன்று. புகாரை நீங்கி மதுரையை அடைந்த கோவலன், தன் துயரின் நடுவிலும் அம்மாநகரைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுகின்றான். அதனைக் கூறுவதற்கென்றே இளங்கோவடிகள் 'ஊர்காண் காதை' எனத் தனியொரு காதை வகுத்தார். அந்நகரின் பகலையும் இரவையும் அங்காடியையும் மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியிலே விரித்துப் பாடினார். நகரம் வாழ்வதற்கு மட்டுமன்றிக் கண்டு மகிழ்வதற்கும் உரியது என்பதைத் தமிழர் பண்டே உணர்ந்திருந்தனர் என்பதற்கு இவை சான்று.

இன்றைய பயணிக்கு அப்புலவர்களின் பணியைக் கைந்நூல்களும் கைத்தொலைபேசியும் செய்கின்றன. 'கட்டாயம் காண வேண்டியவை' எனப் பத்து இடங்களை அவை வரிசைப்படுத்தித் தருகின்றன. பயணி ஒவ்வோரிடத்திலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு விரைகின்றான். இவ்வாறு விரைந்து பார்த்து முடிக்கப்படும் இடங்களுள் சீகிரியாவும் ஒன்றாகிவிட்டது. எனினும் காண்பது எவ்வாறு என்ற பாடத்தைக் காண வந்தவர்களே எழுதி வைத்துச் சென்ற இடமும் அதுவே. அதனை அறியாது அம்மலையில் ஏறி இறங்குபவன் பெற்றதிலும் இழந்ததே அதிகம் எனலாம்.

மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு வடகிழக்கே, காட்டின் நடுவே தனித்தெழுந்து நிற்கும் பெரும்பாறை சீகிரியா. சூழவுள்ள சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் இதனை மலைக்கோட்டை என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இது ஒரு தலைநகரம். அகழியும் மதிலும் பூங்காவும் தடாகமும் அரண்மனையும் ஒரே திட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட நகரம். 1982 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது.

இந்நகரின் வரலாறு குருதியிலே தொடங்குகின்றது. கலாவாவியைக் கட்டிய தாதுசேன மன்னனைச் சிறையிட்டுக் கொன்று, அவன் மைந்தன் காசியப்பன் அரசேறினான். உரிமையுள்ள இளவரசன் முகலன் இந்தியாவுக்குத் தப்பியோடினான். தம்பி என்றோ ஒரு நாள் படையுடன் மீள்வான் என்ற அச்சத்தோடு காசியப்பன் அநுராதபுரத்தை நீங்கி இப்பாறையைப் புகலாகக் கொண்டான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. அவன் ஆட்சி 477 முதல் 495 வரையான பதினெட்டு ஆண்டுகளே. முகலன் மீண்டும் வந்தான். போர்க்களத்திலே காசியப்பன் ஏறியிருந்த யானை சேற்று நிலத்தைத் தவிர்க்கத் திரும்பியபோது, மன்னன் புறமுதுகிட்டான் என நினைத்துப் படை சிதறியது. அவன் தன் வாளினாலேயே தன்னை மாய்த்துக்கொண்டான் என்பர். தலைநகர் மீண்டும் அநுராதபுரம் ஆயிற்று. சீகிரியா, முன்பு போலவே, பிக்குகளின் உறைவிடமாயிற்று.

மேற்கு வாயிலால் நுழையும் பயணியை முதலில் எதிர்கொள்வன நீர்ப் பூங்காக்கள். பாறையின் பேருருவத்திலே கண்ணைப் பதித்தவர்கள் இவற்றைக் கடந்து விரைவர். ஆயின் இங்கு சிறிது நிற்றல் வேண்டும். நடுப்பாதையின் இரு மருங்கும் ஒன்றையொன்று ஒத்த தடாகங்கள் அமைந்துள்ளன. அவற்றினிடையே துளையிட்ட சுண்ணக்கற் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவை நீரூற்றுகளின் வாய்கள். உயரமான இடத்திலுள்ள நீர் நிலத்தடிக் கால்வாய்களினூடாக இறங்கி வரும்போது உண்டாகும் அழுத்தமே நீரை மேலெழச் செய்கின்றது. வேறு பொறி எதுவும் இல்லை. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் மழைக்காலத்தில் இவ்வூற்றுகள் சீறியெழுவதைக் காணலாம்.

இங்கே ஒரு முரண் நினைவுக்கு வருகின்றது. உன் செல்வம் எங்கே என்று மைந்தனின் ஆட்கள் வற்புறுத்தியபோது தாதுசேனன் கலாவாவிக்குச் சென்று, அதன் நீரை இரு கைகளாலும் அள்ளிக் காட்டி, தன் செல்வம் முழுவதும் இதுவே என்றானாம். தந்தை வயலுக்குப் பாய்ச்சிய நீரை மைந்தன் கண்ணுக்கு விருந்தாகத் துள்ள வைத்தான். இருவர் கையிலும் இருந்த தொழில்நுட்பம் ஒன்றே. வாவி கட்டிப் பழகிய ஒரு சமுதாயத்தின் நீரறிவு இல்லையேல் இப்பூங்கா தோன்றியிராது. பெயர் எழுதப்படாத அத்தொழிலாளரையும் பயணி இவ்விடத்தில் நினைத்தல் தகும்.

நீர்ப் பூங்காவைத் தாண்டினால் பாறைப் பூங்கா. இயற்கையாகக் கிடந்த பெரும்பாறைகளை அகற்றாமல் அவற்றினிடையே பாதைகளையும் மண்டபங்களையும் அமைத்திருக்கின்றனர். பாறைகளின்மேல் வரிசையாக வெட்டப்பட்ட படி போன்ற தடங்கள் செங்கற் சுவர்கள் நின்ற இடங்கள். நாகத்தின் படம்போல் விரிந்த பாறையொன்றின் கீழுள்ள குகையும், பிக்குகள் வாழ்ந்த ஏனைய குகைகளும் காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. குகை விளிம்பில் மழைநீர் உள்ளே வழியாதவாறு வெட்டிய வடிகோட்டை உற்று நோக்குபவர் சிலரே.

மேலே ஏறிச் சுழற்படிகளால் சென்றால் புகழ்பெற்ற ஓவியங்கள். முகில்களிடையே இடைவரை தோன்றும் பெண்கள், மலர் ஏந்தியும் தட்டு ஏந்தியும் நிற்கின்றனர். இவர்கள் கோயிலுக்குச் செல்லும் அரண்மனை மகளிர் என்றார் தொல்பொருள் ஆணையாளராக இருந்த எச். சி. பி. பெல். தேவமகளிர் என்றார் ஆனந்த குமாரசுவாமி. முகிலும் மின்னலும் பெண்ணுருக் கொண்டன என்றார் செனரத் பரணவிதான. அறிஞர் முடிவு எதுவாயினும், எஞ்சியிருக்கும் சில உருவங்களே அம்மலைச் சரிவு முழுவதும் ஒரு காலத்தில் எத்தகைய காட்சியாய் இருந்திருக்கும் என எண்ண வைக்கின்றன.

இவ்வோவியங்களைக் கண்டு இறங்கியதும் பெரும்பாலோர் சிங்கப் பாதத்தை நோக்கி விரைவர். அவ்வழியிலேதான் கண்ணாடிச் சுவர் இருக்கின்றது. செங்கல்லாற் கட்டி, வெண்சுதை பூசி, முகம் தெரியும்வரை மெருகிடப்பட்ட சுவர் அது. இன்று பழுப்பேறிய அதன் மேற்பரப்பிற் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது போலத் தோன்றும். சற்றுக் குனிந்து, சாய்ந்து விழும் வெயிலில் நோக்கினால், மயிரிழை போன்ற கீறல்கள் எழுத்துகளாக உருப்பெறும். அவை காசியப்பன் காலத்துக்குப் பின்னர் இம்மலையைக் காண வந்தவர்கள் எழுதியவை.

எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையிலான இத்தகைய 685 பாடல்களைப் பரணவிதான பல ஆண்டுகள் முயன்று வாசித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். சிங்கள மொழியின் பழைய கவிதைகளாகக் கிடைப்பவற்றுள் இவை தலையாயவை. எழுதியவர்கள் அரசவைப் புலவர்கள் அல்லர். பிக்குகள், படையினர், அலுவலர், இல்லறத்தார், பெண்கள் எனப் பலதிறத்தார். பலர் தம் பெயரையும் ஊரையும் குறிப்பிடுகின்றனர். சிலர் ஓவியப் பெண்களின் அழகில் மயங்குகின்றனர். சிலர், எவ்வளவு பேசியும் இப்பெண்கள் மறுமொழி தரவில்லையே என ஊடுகின்றனர். பெண் கவிஞர் சிலர் அப்பெண்களைப் பொறாமையோடும் எள்ளலோடும் நோக்குகின்றனர். முன்னர் வந்தவர் பாட்டுக்கு மறுமொழி போல் அமைந்தனவும் உண்டு.

இதிலே கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. அவர்களுக்கும் காசியப்பனின் நகரம் பழங்கதையே. அவர்களும் நம்மைப் போலப் பயணிகளே. மூச்சிரைக்க ஏறி, ஓவியம் கண்டு, வியந்து நின்றவர்களே. ஆனால் கண்டதைச் சொல்லாமல் அவர்கள் செல்லவில்லை. சொல்வதற்கு எண்ணுதல் வேண்டும். எண்ணுவதற்கு நின்று பார்த்தல் வேண்டும். யாப்புக்குள் ஒரு கருத்தை அடக்கும் நேரமாவது அவர்கள் அச்சுவரின் முன் நின்றிருப்பார்கள். அந்த நேரமே இன்றைய பயணியிடம் இல்லாத செல்வம்.

அவ்வாறாயின் இன்று வருபவரும் அச்சுவரில் எழுதலாமா என்ற வினா எழும். எழுதலாகாது என்பதே விடை. 2015 ஆம் ஆண்டில், சுற்றுலா வந்த இளம்பெண் ஒருவர் தம் பெயரை அச்சுவரிற் கீறியமைக்காக இரண்டாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பின்னர் ஜனாதிபதியின் மன்னிப்பினால் விடுதலையானார். ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் கீறியவர் கவிஞர், இன்று கீறியவர் குற்றவாளியா எனக் கேட்பது எளிது. பழைய கீறல்களின் மேல் இடப்படும் புதிய கீறல் ஒவ்வொன்றும் ஒரு பழைய குரலை அழிக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. 1967 இல் யாரோ ஓவியங்களின் மேல் நிறப்பூச்சை எறிந்தபோது, இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரான்சியின் உதவியுடன் அவற்றை மீட்க வேண்டியிருந்தது. மீட்க முடியாத இழப்புகளும் உண்டு. ஆகவே சட்டம் தேவை.

எனினும் சட்டம் மட்டும் போதாது. தன் பெயரை எங்கேனும் பொறித்து வைக்க வேண்டுமென்ற ஆசை கயமையன்று. அது மனித இயல்பு. அச்சுவரிலே என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்பதை ஒருவருக்கு விளங்கும் மொழியில் முன்னரே எடுத்துச் சொல்லியிருந்தால், அவர் கை தானாகவே பின்வாங்கியிருக்கும். வெறுஞ்சுவர் என நினைப்பவரே அதிற் கீறுவர். அது ஏடு என அறிந்தவர் கீறார். காவலரின் கண்டிப்பிலும் வாசிப்பின் மதிப்பு பெரிது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

சுவரைக் கடந்து ஏறினால் சிங்க வாயில். செங்கல்லாலும் சுதையாலும் ஆன பேருருவிற் பாதங்கள் மாத்திரமே எஞ்சியுள்ளன. மேலே ஒரு சிங்கம் இருந்தது என்பதற்குக் கண்கண்ட சாட்சி யார்? அச்சுவரில் எழுதிய பயணிகளே. தாம் கண்ட சிங்கத்தை அவர்களுட் சிலர் பாட்டிற் குறித்து வைத்தனர். மன்னன் கட்டியது விழுந்தது. காண வந்தவன் கீறியது நிலைத்தது. இவ்விடத்தில் குளவிக் கூடுகள் உள்ளமையால் ஆரவாரம் ஆகாது என்ற எச்சரிக்கையையும் பயணி காண்பான். மௌனம் பயில்வதற்கு அதுவும் ஒரு வாய்ப்பு.

உச்சியில் அரண்மனையின் அத்திவாரங்களும் பாறையிற் குடைந்த பெருந்தடாகமும் கல்லிருக்கையும் உள்ளன. கூரையோ தூணோ இல்லை. நாற்புறமும் காடும் வாவிகளும், வடக்கே பிதுரங்கலைக் குன்றும் தோன்றும். தன் தம்பி எத்திசையிலிருந்து வருவான் எனக் காசியப்பன் இங்கிருந்தே பார்த்திருப்பான். இத்தனை அழகின் நடுவே நிம்மதியின்றி நின்ற ஒருவனை எண்ணிப் பார்க்கும்போது, படியேறிய களைப்பு வேறொரு கனமாக மாறும்.

சீகிரியாவுக்குச் செல்வோர் வெயில் ஏறுமுன்னர் புறப்படுதல் நன்று. குடிநீர் கொண்டு செல்லுதல் வேண்டும். 2009 இல் திறக்கப்பட்ட நூதனசாலையை ஏறுமுன்னரே பார்த்துவிடுதல் பயன் தரும். இவற்றை எந்தக் கைந்நூலும் கூறும். அது கூறாதது ஒன்றுண்டு. செல்லுமுன் அச்சுவர்ப் பாடல்களிற் சிலவற்றையாவது பொருளறிந்து வாசித்துச் செல்லுதல் வேண்டும். தமிழ் மாணவருக்கு இது இன்னும் முக்கியமானது. ஒரே தீவில், ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் அருகருகே வாழ்ந்தும், ஒருவர் மொழியின் பழம்பாட்டை மற்றவர் அறியாதிருப்பது நம் காலத்துக் குறை. சங்கப் பாடலில் பெயரற்ற ஒரு தலைவியின் நெஞ்சைக் கேட்கப் பழகிய செவிக்கு, சீகிரியிற் பாடிய பெயர் கூறும் ஒரு பெண்ணின் குரல் அந்நியமாய் இராது. மொழிபெயர்த்தும், ஒப்பிட்டும், வகுப்பிலே விவாதித்தும் அவற்றை நமதாக்கிக்கொள்ளலாம். சிங்கள மாணவர்க்கு நம் பாடல்களை எடுத்துரைக்கும் உரிமையும் கடமையும் அதனோடு வந்து சேரும்.

நகரம் கட்டியவனுக்குக் கிடைத்தவை பதினெட்டு ஆண்டுகள். அதனைக் கண்டு நின்று சொல் பொறித்தவர்களுக்கோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்னும் அவர்கள் பேசிக்கொண்டிருக்கின்றனர். எழுதுவதற்கு நமக்குத் தாள் இருக்கின்றது, சுவர் வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கிய அன்று இரவு, கண்டதுள் ஒன்றையேனும் நாலு வரியில் எழுதி வைப்பவனே சீகிரியாவை உண்மையிற் கண்டவன்.