பட்டாம்பூச்சியும் ஓர் அந்துப்பூச்சிதான்



இப்போது ஆசிரியையாக இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் கேட்டிருந்தாள்: "சார், பட்டாம்பூச்சிக்கும் அந்துப்பூச்சிக்கும் வேறுபாடு என்று நீங்கள் போட்ட அட்டவணையைத்தான் நானும் போடுகிறேன். பட்டாம்பூச்சியே அந்துப்பூச்சி வம்சம்தான் என்கிறார்களே, அட்டவணையை விட்டுவிடவா?"

விடவேண்டாம் என்றேன். பகல், இரவு, உணர்கொம்பின் முனையில் குமிழ், சிறகை மடக்கும் விதம் எல்லாம் தோட்டத்தில் அடையாளம் காண உதவும். ஆனால் அது அடையாள அட்டைதான், வம்சாவளி இல்லை.

ஒரு கொள்ளுத்தாத்தாவின் வழியில் எத்தனையோ கிளைகள். கடைசி மகள் வீட்டாருக்கு மட்டும் ஒரு பெயர் வைத்து, மீதி அத்தனை பேரையும் 'மற்றவர்கள்' என்றால் சண்டை வராதா? செதில் சிறகுப் பூச்சிகளை அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறோம். பெயர் சூட்டிய சுமார் 1,60,000 இனங்களில் பட்டாம்பூச்சிகள் ஏறத்தாழ 19,000. மீதியெல்லாம் அந்துப்பூச்சிகள், கல்யாணப் புடவைக்கு நூல் தரும் பட்டுப்பூச்சி உட்பட.

எனக்குப் பிடித்த சாட்சி ஹெடைலிடே குடும்பம். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் மங்கலான சிறு பூச்சிகள். பெரும்பாலும் இரவில் பறக்கும், உணர்கொம்பில் குமிழ் கிடையாது. நம் அட்டவணைப்படி சந்தேகமே இல்லாத அந்துப்பூச்சி. முழம் போட்டு நடக்கும் புழுக்களின் குடும்பத்தோடுதான் சேர்த்தும் வைத்திருந்தார்கள். லண்டனில் மால்கம் ஸ்கோபிள் இவற்றின் உடலமைப்போடு முட்டை, புழு, கூட்டுப்புழுவையும் சேர்த்துப் பார்த்தார். அந்தக் கூட்டுப்புழு இடுப்பில் பட்டுநூல் கட்டிக்கொண்டு ஒட்டியிருக்கும். நம் எலுமிச்சைச் செடியில் பார்ப்போமே, அதே மாதிரி! இவை பட்டாம்பூச்சிக் கூட்டம் என்று 1986இல் எழுதினார். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் அதையே காட்டின.

2023இல் அகிடோ கவஹாரா குழுவினர் 391 மரபணுக்களை வைத்து, சுமார் 2,300 இனங்களை ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், அமெரிக்கக் கண்டப் பகுதியில், இரவில் பறந்த அந்துப்பூச்சி வழியில் பட்டாம்பூச்சிகள் தோன்றின என்று தெரிந்தது. வவ்வாலுக்குப் பயந்து பகலுக்கு வந்தன என்று முன்பு ஒரு கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கிடைத்தவற்றில் மிகப் பழைய வவ்வால் எலும்புக்கூடுகளுக்கு வயது சுமார் 5 கோடிதான். பகலில் விரிந்த பூக்களின் தேன் இழுத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறார்கள்.

இன்றிரவு வாசல் விளக்கில் வந்து உட்காரும் பூச்சியை விளக்குமாற்றால் தள்ளுவதற்கு முன், உணர்கொம்பு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பெயர் தெரிந்தால் சொல்கிறேன்.