ஆயில் போகாத குழாய்

அரியலூரிலிருந்து ரெட்டிபாளையம் போகும் சாலையில், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே, அப்பாவின் ஆர்எக்ஸ் 100 சட்டென்று நின்றது. கீச்சென்று ஒரு சத்தம். பின்சக்கரம் சுழலாமல் இழுத்தது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் ஓரம்கட்டினேன். அப்பா இறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

தள்ளிக்கொண்டு வீடு சேர்வதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. “பொம்பள ஓட்டுனா இப்புடித்தான்” என்றார் பெரியப்பா. சென்னையிலிருந்து தம்பி போனில், “கியர் மாத்தாம முறுக்கியிருப்பக்கா” என்றான். நானும் நம்பினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. முல்லைப் பாட்டுகளில் தேர் தலைவனுடையது, ஓட்டுவது பாகன், தலைவிக்குக் காத்திருப்பு மட்டும் ஏன் என்று வகுப்பில் மாணவிகளைக் கேட்கிறவள் நான். என் வண்டி நின்றபோது ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மெக்கானிக் முதலில் கேட்டது, “சார் யாராவது வருவாங்களா மேடம்?” நான்தான் என்றேன். வேறு பழைய இன்ஜின் வாங்கிப் போட்டுவிடலாம் என்றார். 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. கிடைப்பது இன்னொரு வண்டியிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும். இன்ஜின் எண் மாறும், ஆர்.சி. புத்தகத்தில் அதைப் பதிய வேண்டும். புத்தகமோ இன்னும் அப்பா பெயரில். வாரிசுச் சான்றிதழும் தம்பியின் சம்மதக் கடிதமும் என் கைப்பையில் இருந்தன. மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. நான் கேட்டு வாங்கியது இந்த வண்டியை மட்டும். அந்த எண்ணை இழக்க மனமில்லை.

“முதல்ல பிரிச்சுப் பாருங்கண்ணே.”

சிலிண்டரை உருவினார். பிஸ்டனைச் சுற்றிலும் நகத்தால் பிறாண்டியதுபோல் நெடுங்கோடுகள். அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருந்தது. “ஆயிலே போகல மேடம்.”

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டனுக்கான ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போய் எரிய வேண்டும். ஆர்எக்ஸில் அதற்குத் தனி டேங்க், ஒரு சின்ன பம்ப். இதைப் படித்துத் தெரிந்துகொண்டுதான் வண்டியைத் தொட்டேன். அன்று காலையிலும் மூடியைத் திறந்து பார்த்தேன். ஆயில் ததும்ப இருந்தது. அவர் குழாயைத் தடவிக்கொண்டே போனார். முனையில் ஒரு ஸ்க்ரூ, அடைப்பாக. பம்ப் இல்லை. “பம்ப்பக் கழட்டிட்டு பெட்ரோல்லயே ஆயிலக் கலந்து ஊத்தியிருக்காங்க. பசங்க பண்றதுதான்.” கலந்த பெட்ரோல் இருந்தவரை ஓடியிருக்கிறது. முதல்முறையாக நான் பங்க்கில் வெறும் பெட்ரோல் போட்ட அன்றே பிடித்துக்கொண்டது.

தம்பியைக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “காலேஜ் படிக்கையில கழட்டுனதுக்கா. அப்பாவுக்கும் தெரியும். நீ ஓட்டுவன்னு யார் நெனச்சா?”

அப்பாவுக்கும் தெரியும். ஜன்னலோரம் எப்போதும் இருந்த இருமல் மருந்தின் பிளாஸ்டிக் குவளை நினைவுக்கு வந்தது. விளிம்பில் பிசுக்கு. எத்தனையோ தடவை அதை நானே கழுவி வைத்திருக்கிறேன், எதற்கென்று கேட்காமல்.

50 மில்லிமீட்டர் போர். கால் மில்லிமீட்டர் கடைந்தும் கோடுகள் போகவில்லை. லேத்தில் அரை மில்லிமீட்டருக்குக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் போட்டார்கள். ஏர் ஃபில்டரையும் மாற்றச் சொன்னார் லேத்காரர். எங்கள் ஊர்த் தூசி சாமானியமானதல்ல. ஒரு காலத்துக் கடலின் அடிமட்டம் அது, கிளிஞ்சல்களோடு. பழைய பம்ப் ஒன்றைத் தேடிப் பொருத்த மூன்று வாரமானது. பில்லில் பெயர் எழுதும்போது மெக்கானிக் என் பெயரைக் கேட்டார்.

புது பிஸ்டன் பழகும்வரை நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. லாரிகள் ஹாரன் அடித்து முந்திப் போயின. வழிவிட்டேன்.

பொங்கலுக்கு வந்த தம்பி சாவி கேட்டான். பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஆயில் எங்கே ஊற்ற வேண்டும், பம்ப் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.

“தெரியும்க்கா” என்றான்.

“தெரியும். இருந்தாலும் சொல்றேன்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.