மேலநீலிதநல்லூரைச் சுற்றி ஒரு வரலாற்றுப் பயணம்

வரலாற்றுச் சின்னங்களைக் காண வேண்டும் என்றதும் நம் உள்ளம் தில்லிக்கும் ஆக்ராவிற்கும் பறந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை வந்தால் அவ்வளவு தொலைவு செல்லத்தான் வேண்டுமா? தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவிலை அடுத்துள்ள மேலநீலிதநல்லூருக்கு ஒருமுறை வாருங்கள். கரிசல் மண்ணும், மேற்கே நீலமாய்த் தெரியும் மலைத்தொடரும், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர் தாங்கிய கல்லூரியும் உள்ள ஊர் இது. இதனை நடுவாகக் கொண்டு நாற்புறமும் சென்று வந்தால், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றைக் கண்ணாரக் காணலாம்.

முதலில் சங்கரன்கோவில். ஒன்பது நிலைக் கோபுரத்தோடு உயர்ந்து நிற்கும் சங்கரநாராயணர் ஆலயம், சைவரும் வைணவரும் ஒருங்கே வந்து வழிபடும் இடம். உக்கிர பாண்டியன் எழுப்பியது என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆடித்தபசு நாளில் இவ்வூரில் கூடும் மக்கள் வெள்ளம் தென்பாண்டி நாடெங்கும் பேசப்படுவது.

அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. சென்றால் தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலை. கி.பி. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோயிலைச் செதுக்கினர். உச்சி முடிந்தது, அடிப்பகுதி முற்றுப் பெறாமலே நின்றுவிட்டது. அம்மலையிலேயே சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றின் கீழே, செய்வித்தவர்களின் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் எல்லாரும் மன்னர்கள் அல்லர். துறவியரும் மாணாக்கரும் உண்டு. தச்சரும் குயவரும் உண்டு. சமணர் அம்மலையை விட்டு அகன்று நூற்றாண்டுகள் பல கடந்தும், அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதை எவராலும் மறுக்க முடியாது. கல் சாட்சி சொல்கிறது.

இனி மேற்கே, மலையை நோக்கித் திரும்புவோம். நெல்கட்டும்செவல், வாசுதேவநல்லூர் ஆகிய ஊர்கள் பூலித்தேவரின் கோட்டைகள் இருந்த இடங்கள். இங்கு வருவோர் பழைய மதில்களைத் தேடினால் ஏமாற்றமே அடைவர். பாளையக்காரர் கோட்டைகள் பெரும்பாலும் மண்ணால் ஆனவை. போரில் சிதைந்தன போக, எஞ்சிய பாளையக்காரர் கோட்டைகளையும் தரைமட்டமாக்கக் கும்பெனியார் 1801இல் ஆணையிட்டனர். நெல்கட்டும்செவலில் இன்று நாம் காண்பது தமிழக அரசு எழுப்பிய நினைவு மாளிகையே.

கட்டடம் அழிந்த இடத்தில் கதை மட்டுமே மிஞ்சும். கதையை யார் வேண்டுமானாலும் தம் விருப்பம்போல் வளைக்கலாம். ‘நவாபின் முஸ்லிம் படையை எதிர்த்த இந்துப் பாளையக்காரர்’ என்று இவ்வரலாற்றை ஒற்றை வரியில் சுருக்கிச் சொல்வோரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். உண்மை அவ்வளவு எளிதன்று.

1755இல் கும்பெனித் தளபதி ஹெரான், நவாப் முகம்மது அலியின் அண்ணன் மாபூஸ்கானுடன் வரி தண்ட வந்தார். போதிய பீரங்கிகள் இன்றி நெல்கட்டும்செவலைப் பிடிக்க இயலாமல் திரும்பினார். அப்போது பூலித்தேவர் பக்கம் நின்றவர்களில் மியானா, முடேமியா, நபிகான் கட்டக் என்னும் முஸ்லிம் தளபதிகளும் இருந்தனர். பகைவராய் வந்த மாபூஸ்கானே சில ஆண்டுகளில் தம்பியோடு முரண்பட்டுப் பூலித்தேவருடன் கைகோத்தார். இறுதியில் 1761இல் நெல்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளை வீழ்த்தியவர் கும்பெனியின் சிப்பாய்ப் படைத் தலைவர் கான் சாகிபு யூசுப்கான். அவரும் பின்னர் அதே கும்பெனியையும் நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். அவரது அடக்கத்தலம் மதுரை சம்மட்டிபுரத்தில் உள்ளது. அணிகள் மாறின, ஆட்கள் மாறினர். மதத்தைக் கொண்டு கோடு கிழித்தால் இவ்வரலாற்றில் ஒருவரைக் கூடச் சரியான பக்கத்தில் நிறுத்த இயலாது.

தெற்கே தென்காசிக்குச் செல்வோம். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய காசி விசுவநாதர் ஆலயம் அங்கே உள்ளது. தன் பணிக்குப் பின்னாளில் குறை நேருமானால் அதனைச் செப்பனிடுவோரின் அடிகளை வணங்குவதாக அம்மன்னன் கல்லில் வெட்டி வைத்தான். முடிசூடிய வேந்தன், பிறந்திராத மனிதர்களுக்குப் பணிந்து விடுத்த வேண்டுகோள் அது! கோபுரம் பிளந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்று, 1990இல்தான் மீண்டும் முழு உருவம் பெற்றது. வேண்டுகோள் வீண் போகவில்லை.

நிறைவாகப் பொட்டல்புதூர். பக்தாதில் அடங்கியுள்ள முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பெயரால் 1674இல் எழுந்த தர்காப் பள்ளிவாசல் அங்குள்ளது. கல் தூண்களும் மண்டபங்களுமாகத் தமிழகக் கோயிற்கட்டடக் கலையிலேயே அது அமைந்துள்ளது. முஸ்லிம்களோடு இந்து மக்களும் இன்றுவரை அங்கே வந்து செல்கின்றனர். தர்கா வழக்கங்களைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவை ஒருபுறம் இருக்கட்டும். இம்மண்ணின் கைவண்ணம் கொண்டே நம் முன்னோர் இம்மண்ணில் பள்ளி எழுப்பினர் என்பதற்கு அத்தூண்களை விடத் தெளிவான ஆவணம் வேறென்ன வேண்டும்?

இவ்விடத்தில் வாசகர்களிடமும் ஜமாஅத் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் ஊர்களில் பள்ளிவாசலை விரிவாக்கும்போது பழைய கல் தூண்களையும் கல்வெட்டுகளையும் உடைத்து அடித்தளத்தில் போட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. தொழுவோர் பெருகும்போது இடம் பெருக்குவது அவசியமே. ஆனால், கடப்பாரை விழுமுன் கல்வெட்டைப் படியெடுங்கள். தூண்களைப் படம் பிடித்து வையுங்கள். இயன்றால் பழைய முன்மண்டபத்தையேனும் அப்படியே விட்டுவையுங்கள். பழைய வக்ஃபுப் பத்திரங்களைக் கறையானுக்கு இரையாக்காதீர்கள். ‘நீங்கள் எப்போது வந்தவர்கள்?’ என்று நாளை ஒருவர் நம் பேரப்பிள்ளைகளிடம் கேட்கும்போது, நாம் சொல்லிச் சென்ற கதை போதாது. காட்டுவதற்கு ஒரு கல் வேண்டும்.