இரண்டு வன்தட்டுகளும் ஒரு புயலும்

கரந்தையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பழைய கணினி ஒன்று, வீட்டு வழங்கியாக இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. காலஞ்சென்ற எங்கள் தந்தையார் குறுவை, சம்பா, முறைப்பாசனம் என்று பேசியவற்றை ஒலிநாடாக்களிலிருந்து மாற்றி அதில் சேமித்திருந்தோம். பூஞ்சை பிடித்த நாடாக்களைப் பின்னர் எறிந்துவிட்டோம். 'ரெய்டு 1' முறையில் இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதப்படுவது மற்றதிலும் உடனே எழுதப்படும். லினக்ஸ் இயங்குதளம் மட்டும் மூன்றாவதாக ஒரு சிறு தட்டில் இருந்தது.

சென்ற ஐப்பசி அடைமழையில், மின்சாரம் விட்டுவிட்டு வந்த ஓர் இரவில், அந்தச் சிறு தட்டு செத்துப்போயிற்று. புதிய தட்டு வாங்கி லினக்ஸை நிறுவ முற்பட்டோம். நிறுவும் நிரல் மூன்று தட்டுகளையும் வரிசையாகக் காட்டி, எதை அழித்து எழுதலாம் என்று கேட்டது. எங்களுக்குக் கை நடுங்கிற்று. கணினியை நிறுத்தி, தந்தையாரின் குரல் இருந்த இரு தட்டுகளின் வடங்களையும் பிடுங்கி வைத்துவிட்டே வேலையைத் தொடர்ந்தோம்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த கொடைகளை விமானத்தின் கல்லிலேயே வெட்டச் செய்தார் இராசராசர். அரண்மனை ஓலைகள் அழிந்தன. எது யார் கொடுத்தது என்பதைக் கோயிலே இன்றும் சொல்கிறது. ரெய்டு தட்டுகளும் அப்படித்தான். தாம் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை, எத்தனையாவது உறுப்பு என்ற குறிப்பைத் தம்மிடமே பொறித்து வைத்திருக்கின்றன. செத்த தட்டோடு அது சாவதில்லை.

வடங்களை மீண்டும் செருகி, 'எம்டிஏடிஎம்' கருவியின் 'எக்ஸாமின்' கட்டளையால் அக்குறிப்பைப் படித்தோம். இரண்டிலும் ஒரே அடையாள எண். இந்த இடத்தில் 'கிரியேட்' என்ற கட்டளையைத் தொடவே கூடாது. அது பழைய குறிப்பின் மேல் புதியதை எழுதிவிடும். 'அசெம்பிள்' கட்டளையை, படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தோம். சில நொடிகளில் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் திறந்தோம். தந்தையார் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

மகிழ்ச்சி அன்று மாலைவரைதான். 1952 நவம்பர் புயலைப் பற்றி அவர் பேசிய கோப்பு மட்டும் எங்கும் இல்லை. எப்போதோ கோப்புகளை ஒழுங்குபடுத்துகையில் எங்களில் ஒருவர் கைதவறி அழித்திருக்க வேண்டும். ஒரு தட்டு அழித்ததை மற்றதும் விசுவாசமாக அழித்திருக்கிறது.

கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது பல ஊர்களிலிருந்து வந்த ஏடுகளை ஒப்பிட்டுத்தான். ஓர் ஏட்டில் சிதைந்ததை வேறோர் ஊரின் ஏடு காத்திருக்கும். கண்ணாடிப் பிம்பத்திடம் அந்த உதவியை எதிர்பார்க்க இயலாது. தட்டு கெட்டால் அது காப்பாற்றும். நம் கை செய்த பிழையிலிருந்து காப்பாற்றாது.

இப்போது மாதம் ஒருமுறை தனி வன்தட்டில் படியெடுத்துக் கும்பகோணத்தில் தமக்கையார் வீட்டு அலமாரியில் வைக்கிறோம். பழைய படியை உடனே அழிப்பதில்லை. புயலைப் பற்றித் தந்தையார் சொன்னதை, நினைவில் இருக்கும்வரை, ஆளுக்கொரு நோட்டில் தனித்தனியே எழுதி வருகிறோம். இதுவரை இரண்டு நோட்டுகளும் ஒத்துப்போகவில்லை.